பெருங்குப்பையில் சேராத பெட்டி

டாரகூல், பேங்க்சியா தெரு, ஒன்பதாம் எண் வீட்டில் குடியிருக்கும் நோலீன் டிரான்டர், 2014 அக்டோபர் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் கண் விழிக்கவில்லை. ஆறு நாள் தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை பத்தேகாலுக்கு எழுந்தாள். எழுந்தபோது அவளுக்கு மட்டும் 1998 ஜனவரி முதல் தேதி. அந்த வாரம் எங்கள் ஊரில் ஆட்டுக்கறி கிலோ பதினான்கு டாலர், மழை இருபத்திரண்டு மில்லிமீட்டர். அவள் எழாததற்குக் காரணம் என்ன என்று கேட்டால் இங்கே யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை, அதுதான் என்பார்கள்.

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை பெருங்குப்பை நாள் வரும். உடைந்த கட்டில், துருவேறிய இறைச்சி அடுப்பு, மூன்று கால் நாற்காலி என்று வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதையெல்லாம் வாசலுக்கு முன்னால் இருக்கும் புல்தரையில் வைத்துவிட்டால் நகரசபை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரி வருவதற்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அது திருட்டில் சேராது. ஆனால் புல்தரையில் வைத்ததைத் திருப்பிக் கேட்பது மட்டும் கூடவே கூடாது. அப்படி ஒருவன் 1987-ல் ஒரு தையல் மெஷினைத் திருப்பிக் கேட்டான். இன்றைக்கும் அவனுக்குத் தையல்காரன் என்றுதான் பெயர். 2003-ல் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுப் போட்டு முதுகு போய், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நோலீன், இந்த மாதிரி ஒரு நாளில்தான் மஞ்சளேறிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். 1998-ல் செய்த பெட்டி. நூலகத்தில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் வட்டு ஒன்றை இரவல் வாங்கினாள். லினக்ஸ் காசு கேட்காது, கிழட்டுப் பெட்டிகளை மரியாதையாக நடத்தும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எழுபது தடவை பூட் ஆகாமல் அடம்பிடித்த அந்தப் பெட்டி எழுபத்தோராவது தடவை எழுந்து உட்கார்ந்து அவள் பெயரைக் கேட்டது. அதோடு அவள் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டாள், அவ்வளவுதான். அப்புறம் அவள் புருஷன் ஆல்பிக்குப் பெண்டாட்டி கிடைக்கவில்லை.

ஆல்பி டிரான்டர் எங்களோடு படித்தவன். மின் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் கொதிகலன் பார்த்தவன். முரடன் கிடையாது, ஆனால் வீட்டில் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று நினைக்கிற மனுஷன். பதினோரு வருடத்தில் நோலீன் ஊரில் செத்துப்போன கம்ப்யூட்டர்களையெல்லாம் புல்தரையிலிருந்து பொறுக்கி வந்து, ஒன்றின் நினைவகத்தை இன்னொன்றில் செருகி, இதன் வட்டை அதில் மாட்டி, அறுபத்துமூன்று பெட்டிகளை உயிர்ப்பித்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவாள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எந்தப் பெட்டி எங்கே நின்றது, எப்படி எழுந்தது என்று பதினேழு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தாள். வீட்டில் விருந்தினர் கட்டில்மேல் கம்ப்யூட்டர் திரைகள், குளியல் தொட்டியில் விசைப்பலகைகள், ராத்திரிச் சாப்பாடு ரொட்டிமேல் டப்பா பீன்ஸ். முதலில் வந்த மஞ்சள் பெட்டி மட்டும் சமையலறை மேசைக்கடியில் 2006-லிருந்து அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால்தான் அது நிற்கும். கரண்ட் போனால் நோலீனும் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். கரண்ட் இல்லாதபோது வேறு என்ன செய்வது என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெருங்குப்பை நாள். விடிந்ததும் ஆல்பி தேநீர்க் கோப்பையோடு மேசையில் உட்கார்ந்தான். முழங்கால் பெட்டியில் இடித்தது. பதினோரு வருடமாக இடித்த அதே இடம். கோப்பையைக் கீழே வைத்தான், பிளக்கைப் பிடுங்கினான், பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புல்தரையில் ஒரு பழைய மெத்தைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். ஐம்பது பெட்டி இருக்கிற வீட்டில் ஒன்று போனால் தெரியவா போகிறது என்று நினைத்தானாம். மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது மணியாகியும் நோலீன் எழவில்லை. அவன் கூப்பிட்டான், உலுக்கினான், முகத்தில் ஈரத்துணி வைத்தான். மூச்சு சீராக வந்தது, கன்னம் சூடாக இருந்தது, அவள்தான் வரவில்லை. டாக்டர் ஹாலம் வந்து மூன்று நாள் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை என்று கையை விரித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டர் கட்டிலருகே நின்றிருக்கும்போதே நோலீனுக்கு விக்கல் வந்தது. நீளமாக ஒன்று, இடைவெளி, மறுபடி நீளமாக ஒன்று. அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதே நீளத்தில், ஒரு பீப் சத்தம். சத்தம் நின்றது, விக்கல் நின்றது. சத்தம் வந்தது, விக்கல் வந்தது. ஆல்பி செருப்புக்கூடப் போடாமல் வேலியைச் சுற்றி ஓடினான். பக்கத்து வீட்டு கார்மன் மிகாலெஃப், மால்டாக்காரி, கோழி வளர்ப்பவள், பின்பக்கத் தாழ்வாரத்தில் அந்த மஞ்சள் பெட்டியின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கார்மன், அத நிறுத்து! அது என்னுது!"

"உன்னுதா? புல்தரைல கெடந்துச்சு, எடுத்தேன். புல்தரைல வெச்சா ஊருக்குச் சொந்தம். என்ன ஆல்பி, உனக்கும் தையல் மெஷின் வேணுமா?"

"நோலீன் எந்திரிக்க மாட்டேங்கறா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ பொத்தான அமுக்கினா அவளுக்கு விக்கல் வருது."

கார்மன் வேலிமேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இறங்கிவந்து பொத்தானை ஒருதரம் அழுத்தினாள். மறுபடி ஏறிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தன் துண்டால் துடைத்து அவளே தூக்கி வந்து கொடுத்தாள். "யாருகிட்டயும் திருப்பிக் கேட்டேன்னு சொல்லாத, நானா குடுத்தேன்னு சொல்லு," என்றாள். அந்த மரியாதையை ஆல்பி இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் கையோடு, "தூக்கி வெளிய வெச்சது நீதான்னு அவளுக்குத் தெரியுமா?" என்றும் கேட்டுவிட்டாள். ஆல்பி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வியாழக்கிழமை மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் உதவிக்கு வந்தார்கள். எல்லோரும் நோலீனிடம் கேட்டே பழகியவர்கள். நோலீனிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே ஆல்பி பதினேழு நோட்டுப் புத்தகத்தையும் சமையலறை மேசைமேல் அடுக்கிவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் குளிர்ந்து கிடக்கிற கொதிகலனை எழுப்பத் தெரியும்: முதலில் தண்ணீர், பிறகு காற்று, பிறகு எண்ணெய், கடைசியில் நிலக்கரி. ஒன்று வராமல் அடுத்தது வராது. எங்கே நிற்கிறதோ அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் சரி. நிற்கிற இடத்தில்தான் வியாதி. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் நோலீன் அதையே எழுதியிருந்தாள். "எங்கே நிற்கிறது என்று பார். இதை ஆல்பி கொதிகலன் விஷயமாகச் சொன்னான். அவனுக்குத் தெரியாமலேயே சில சமயம் அவன் நல்ல விஷயம் சொல்கிறான்." அதைப் படித்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

நீளமான பீப் நினைவகப் பட்டையின் குற்றம் என்றது மூன்றாவது நோட்டு. பெட்டியைப் பிரித்து, ஈரமான பாகங்களைச் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் துண்டுகளுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க உலர்த்தி, நினைவகப் பட்டையின் பொன்னிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திச் செருகினான். விக்கல் நின்றது. சனிக்கிழமை பெட்டி இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, லினக்ஸின் மூளையான கர்னலை எழுப்பும் இடம்வரை போய், "வேர் கிடைக்கவில்லை" என்று அலறிக்கொண்டு நின்றது. விசைப்பலகையின் இரண்டு விளக்குகள் படபடவென்று துடித்தன. உள்ளறையில் நோலீனின் இமைகளும் அதே தாளத்தில் துடித்தன. ஒன்பதாவது நோட்டு சொன்னது: கர்னல் பதறுகிறது என்றால் அது தேடுகிற வட்டு அது தேடுகிற இடத்தில் இல்லை, எந்த மடையனாவது கேபிளைக் கழற்றி வேறு துளையில் மாட்டினானா என்று பார். மாட்டியவன் அவன்தான். மாற்றி மாட்டினான், இமைகள் அடங்கின.

திங்கட்கிழமை காலை பெட்டி கிட்டத்தட்ட உச்சிக்கு வந்து நின்று, ஒரு விசித்திரமான சேதியைத் திரையில் போட்டது: இந்த வட்டைக் கடைசியாகத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, நான் மேலே போக மாட்டேன். ஆல்பி அதை நாலு தடவை படித்தான். பதினோராவது நோட்டில் அந்தச் சேதி இருந்தது. கீழே நோலீனின் சாய்ந்த கையெழுத்து: "பொறுமை இல்லாதவர்கள் கன்ட்ரோல் விசையையும் டி விசையையும் சேர்த்து அழுத்தலாம், போய்விடும். பொறுமை உள்ளவர்கள் தேதியைப் பார்க்கவும்." ஆறு நாள் பெண்டாட்டி இல்லாமல் இருந்தவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அழுத்தினான். பெட்டி எழுந்து உட்கார்ந்து பெயர் கேட்டது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"ஆல்பி! ஷிஃப்டுக்குப் போகல? மணி பத்தாச்சே!" என்று நோலீன் தலையைச் சொறிந்தபடி வந்தாள். அவன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். அவள் அவனை மோந்து பார்த்து, "நேத்து ராத்திரி குடிச்சது இன்னும் எறங்கலையா? புத்தாண்டும் அதுவுமா கெழவன் மாதிரி அழுவற," என்றாள். பிறகுதான் கண்ணாடியில் தன் நரையைப் பார்த்தாள். ஷெர்ரி ஒயினை இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். எங்களுக்கு ஜனவரி நடுக்கோடை, அதற்கு இது ரொம்பக் குளிர்தான் என்றாலும் எங்கள் பள்ளத்தாக்கில் வெயிலை யார் நம்புவது, அதனால் அவள் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பெட்டிக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போய், அதன் கடிகாரம் அது பிறந்த நாளுக்குப் போய்விட்டது என்பதை ஆல்பி அன்று சாயங்காலம்தான் நோட்டுப் புத்தகத்தில் கண்டுபிடித்தான். அதற்குள் நோலீன் வீட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்ன கன்றாவி ஆல்பி இது? யாரு பெட்டி இதெல்லாம்?"

"ஒரு… தெரிஞ்சவங்களோடது."

"மேசைக்கடியில ஒண்ணு ஊன்னு சத்தம் போடுது. மொதல்ல இந்த அசிங்கத்தப் பெருங்குப்பைல தூக்கிப் போடு."

அந்த எட்டு நாள் ஆல்பியின் வாழ்க்கையில் மிக நல்ல எட்டு நாள், அதை மறைக்க அவனுக்கே தெரியாது. நோலீன் பெட்டிகளையெல்லாம் கொட்டகைக்கு நகர்த்தினாள். மேசைக்கடியில் இருந்ததைத் தொட மட்டும் அவன் விடவில்லை, அது மின் நிலையத்துச் சாமான் என்று பொய் சொன்னான்; சலவைக்கூடத்துக்குப் புத்தாண்டு விடுமுறை என்று இன்னொரு பொய். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மேரி வைத்த ஆட்டுத்தொடை, புதினாச் சாறு, சுட்ட பூசணி. சட்டைகளுக்கு இஸ்திரி. குளியல் தொட்டியில் தண்ணீர். காலையில் ஆறரைக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்து முத்தமிட்டு ஷிஃப்டுக்கு அனுப்புவாள். ஓய்வுபெற்று ஐந்து வருடமான ஆல்பி டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய், பின்சந்து வழியாகத் திரும்பி, கார்மன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மூன்று மணிவரை உட்கார்ந்திருப்பான்.

"எத்தன நாளைக்கு இப்படிக் கோழியோட குந்திக்கிட்டு இருப்ப?" என்று கார்மன் கேட்டாள்.

"அவ சந்தோஷமா இருக்கா."

"அவளா, நீயா?"

ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் தேதியை மாற்ற ரகசியச்சொல் வேண்டும். அது நோலீனுக்குத் தெரியும். இந்த நோலீனுக்குத் தெரியாது. வேறு வழி, பெட்டியை அணைத்து, புதுப் பேட்டரி போட்டு, எழும்போதே பிடித்துக் கடிகாரத்தைத் திருத்துவது. ஆனால் பதினான்காவது நோட்டில் சிவப்பு மையில் இருந்தது: "கிழட்டு வட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். அணைத்தால் ஆறிப்போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுழலாமலே போகலாம். நான் பதினொன்றை இப்படி இழந்திருக்கிறேன்." ஆல்பி அந்தப் பக்கத்தைத் தினமும் ஒரு தடவை படித்தான். அணைத்தால் ஒருவேளை ஒரு நோலீனும் மிஞ்ச மாட்டாள். அணைக்காவிட்டால் ஆட்டுத்தொடை. நாங்களாக இருந்தாலும் கோழிக்கூண்டுதான்.

இருபத்தெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம் மாறாமல், கார்மன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வந்து, "நோலீன், இது மறுபடியும் கறுப்புத் திரைல கிரப்னு ஒரு வார்த்தையப் போட்டுட்டு மேல போகாம நிக்குதுடி, என்னன்னு பாரு," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோலீன் அந்தத் திரையையே பார்த்தாள். விரல்கள் தாமாக விசைப்பலகைமேல் போய் நின்றன; நின்றனவே தவிர நகரவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தாள். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். ஷிஃப்டுக்குப் புறப்பட்டுக் கோழிக்கூண்டுவரை போயிருந்த ஆல்பியைக் கார்மன் கூட்டிவந்தாள்.

"இது என் கையெழுத்து," என்றாள் நோலீன். "பதினேழு புஸ்தகம் இருக்கு. ஒரு வரி எனக்குப் புரியல. எனக்கு என்ன ஆச்சு ஆல்பி? பொய் சொல்லாத."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பிளக்கைப் பிடுங்கியது, மழை, விக்கல், பேட்டரி, கோழிக்கூண்டு. அவள் நோட்டை விரித்துக் காட்டினாள்.

"இத எழுதினவ எப்படி இருப்பா?"

"வாயாடி. என்னைய மதிக்க மாட்டா. வெந்நி வெக்கக்கூட நேரமில்லம்பா. ஊர்ல பாதிப் பேரு அவ பின்னாடிதான் சுத்துறான்."

"உனக்கு அவளப் பிடிக்குமா?"

ஆல்பி ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அவ இல்லாம வீடு ரொம்ப நல்லா இருக்கு," என்றான். "ஆனா இருக்கவே முடியல, நோலீன்."

"அப்ப அணை."

"எந்திரிக்காம போச்சுன்னா?"

"அவ அறுபத்து மூணு எழுப்பியிருக்கா. உன்னால ஒண்ண எழுப்ப முடியாதா? முப்பத்தாறு வருஷம் அந்தக் கொதிகலன்ல என்னத்தப் புடுங்கின?" குரலில் பயம் இருந்தது, ஆனால் அந்தக் கேலி நோட்டுப் புத்தகத்துக்காரியின் கேலி. மீதமிருந்த ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள், செருப்பைக் கழற்றினாள், கட்டிலில் படுத்துக்கொண்டாள். "தேதிய ஒழுங்காப் போடு," என்றாள். அதுதான் அந்த நோலீன் சொன்ன கடைசி வார்த்தை. எங்கள் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவருமே அவளைப் பற்றி இன்றும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

அணைத்தான். குளியலறை எடை பார்க்கும் இயந்திரத்திலிருந்து பொத்தான் பேட்டரியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்தான். பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, வட்டு சுற்றவில்லை. உள்ளே கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம். கட்டிலில் நோலீனின் தொண்டையிலும் கிளிக், கிளிக். கார்மன் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆல்பி நடுங்கவில்லை. எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பயம் போய்விடும். வட்டைக் கழற்றி, சட்டையைத் திறந்து, அக்குளில் வைத்து அடைகாக்கிற கோழி மாதிரி இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தான். பிறகு நோட்டில் போட்டிருந்தபடி உள்ளங்கையில் தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டைச் சடாரென்று ஒரு திருப்புத் திருப்பினான். மாட்டினான். அழுத்தினான். வட்டு இருமியது, முனகியது, சுழன்றது. நோலீன் பெருமூச்சு விட்டாள்.

கடிகாரத்தைத் திருத்தும் நீலத் திரை வந்தது. தேதி, மாதம், வருடம். ஆல்பி வருடத்தையும் மாதத்தையும் போட்டான். நாளுக்கு வந்ததும் அவன் விரல் பதின்மூன்றில் நின்றது. அக்டோபர் பதின்மூன்று. பெருங்குப்பை நாளுக்கு முந்தின நாள். அப்படி வைத்தால் அவன் பிளக்கைப் பிடுங்கவே இல்லை, பெட்டி வெளியே போகவே இல்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. வீட்டுக்குள் இரண்டு வாரம் பின்தங்கி வாழ்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆல்பி திரும்பிக் கார்மனைப் பார்த்தான். கார்மன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் அந்தச் சட்டை, மடிப்புக் கலையாமல், தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்பி ஒன்றை இரண்டாக்கினான், மூன்றை எட்டாக்கினான், சேமித்தான்.

பெட்டிக்கு மூவாயிரம் நாள் பழைய பாக்கி ஒன்று இருந்தது. வட்டை முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் எழுவேன் என்றது. ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. நோலீன் தூக்கத்திலேயே, "நாலு சதவீதம்… பதினொண்ணு… முப்பத்தெட்டு…" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தேழில் கொஞ்ச நேரம் நின்றாள். நூறு என்றதும் கண்ணைத் திறந்தாள்.

"என் பேட்டரிய மாத்தினது யாரு?"

"நான்தான்."

"பதினாலு நாள் காணாம போயிருக்கு. எங்க போச்சு?"

"புல்தரைல வெச்சேன். நான்தான் வெச்சேன், நோலீன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து கூடத்துக்குப் போனாள். ஆல்பி முப்பது வருடமாக உட்கார்ந்து குழிவிழுந்திருந்த சாய்வு நாற்காலியைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய் வாசல் புல்தரையில் வைத்தாள். பெருங்குப்பை நாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, ஆனால் சம்பிரதாயம் சம்பிரதாயம்தான். அவள் கையை எடுப்பதற்குள் கார்மன் அதைத் தூக்கித் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டாள். திருப்பிக் கேட்க ஆல்பிக்கு வாய் இல்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் கிரிக்கெட் கேட்க வேண்டுமென்றால் அவன் போய்க் கோழிகளுக்கு நடுவே தன் நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

அந்த எட்டு நாளைப் பற்றி நோலீன் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டாள், அதுவும் ஏதோ ஒரு பெட்டிக்குத் திருகு முடுக்கிக்கொண்டே. "அவ சமையல் நல்லா இருந்துச்சா?" நல்லா இருந்தது என்றான் ஆல்பி. "இஸ்திரியும் போட்டாளாக்கும்?" போட்டாள் என்றான். திருகு தேவைக்குமேல் இறுகியது. வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருநாள், அவன் பிறந்தநாளுக்கு, கடிகாரத்தைப் பின்னால் வைத்துத் தருவதாக அவளே சொன்னாள். ஆல்பி நன்றாக யோசித்தான், அவன் எதையும் சட்டென்று மறுப்பவன் இல்லை. "வேணாம்," என்றான். "பெட்டி படுத்துடுச்சுன்னா அவளுக்கு எழுப்பத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்." நோலீன் அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்தாள்.

அதற்குப் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் போனால் நோலீன் பேச்சின் நடுவே அப்படியே தூங்குவாள், கரண்ட் வந்ததும் விட்ட சொல்லிலிருந்து பேசி முடிப்பாள். ஒருதடவை நாலு மணி நேரம் கழித்து "…ன்னு சொன்னேன்ல" என்று முடித்தாள். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும்போது அறிவிப்புக் கடிதம் தெருவிலேயே அவள் பெயருக்கு மட்டும் தனியாக வருகிறது. 2019-ல் வட்டைப் புதிதாக மாற்றினாள். ஒரு வாரம் ரொம்ப வேகமாக நடந்தாள், அப்புறம் பழகிவிட்டது. எழுப்பிய பெட்டிகள் நூற்றுப்பதினெட்டு; நோட்டுகள் இருபத்தாறு, கடைசி இரண்டில் ஆல்பியின் கோணல் எழுத்தும் இருக்கிறது. மேசைக்கடியில் முழங்கால் இன்னும் இடிக்கிறது.

வருடாவருடம் நகரசபை வீடுவீடாகப் போடும் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில், லாரி எடுத்துச்செல்லாத பொருட்களின் பட்டியல் இருக்கும்: டயர், பெயின்ட் டப்பா, எரிவாயு சிலிண்டர், கல்நார் ஓடு, பேங்க்சியா தெரு ஒன்பதாம் எண் வீட்டுக் கம்ப்யூட்டர். புதிதாகக் குடிவருபவர்கள் படித்துவிட்டு ஒன்றும் கேட்பதில்லை. ஊரில் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு விதி இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு பெருங்குப்பை நாள் காலையிலும் ஆல்பி மடக்கு நாற்காலி ஒன்றைப் புல்தரையில் போட்டு, காலை அகட்டி வைத்து, லாரி வரும்வரை உட்கார்ந்திருப்பான். ஓட்டுநர் ஹார்ன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போவான். லாரி தெருமுனை திரும்பிய பிறகு ஆல்பி நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே வருவான்.

"போயிட்டானா?" என்பாள் நோலீன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போயிட்டான்."

"அப்ப டீயப் போடு."